சர்வேயருக்கு வைத்திருந்தது

குவைத்திலிருந்து சஜின் கொண்டுவந்த விஸ்கி
எட்டு மாதமாய் அரிசிப் பானைக்குள் கிடந்தது.
எங்களுக்கல்ல, சர்வேயருக்கு.
அவர் வருவதாகச் சொன்ன செவ்வாய்க்கிழமைகள் எல்லாம்
தவறாமல் வந்தன.
நேற்று தாலுகா ஆபீசில் சொன்னார்களாம்,
ஆளை ராமநாதபுரத்துக்கு மாற்றியாயிற்று.
புதிதாய் வந்தவருக்குச் சர்க்கரை. தொடமாட்டார்.

"அப்ப இத என்ன செய்யியது?"
ஈரச் சட்டையோடு நின்று கேட்டார் இவர்.
நான் முழங்கை வரை அரிசிக்குள் கைவிட்டு
பாட்டிலை வெளியே எடுத்தேன்.
மூடியின் மடிப்பில் இரண்டு அரிசி.
"குடிப்போம்" என்றேன்.

குலசேகரத்தில் மூன்றாம் நாள் மழை.
ரப்பர் வெட்டு இல்லை.
சிரட்டைகளில் பாலுக்குப் பதில்
வானம் தேங்கி நிற்கிறது.
கைக்கு வேலையற்று, கதவுக்கும் ஜன்னலுக்கும்
நடந்துகொண்டிருந்தவரை
கைதச்சக்கை ஒன்று பறித்துவர அனுப்பினேன்.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
அந்த இரண்டரை சென்ட்டில்தான் அது காய்க்கும்.
தாசையன் தன்னுடையது என்று சொல்லும்,
நாங்கள் எங்களுடையது என்று சொல்லும்
இரண்டரை சென்ட்.
பத்திரத்தில் தெற்கு எல்லை: பழைய அயனிமரம்.
மரம் எப்போதோ கட்டிலாகிவிட்டது.
கட்டில் எந்த வீட்டுக்கு என்பதில் வேறொரு தகராறு.

முள்ளைச் சீவி, கண்களைத் தோண்டி,
பாதிப் பழத்தைச் சின்னதாய் நறுக்கினேன்.
கருப்பட்டியை உடைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு
அடுப்பைக் குறைத்து வைத்தேன்.
மாறாமலைக் கிராம்பு நாலு.
சுண்டுவிரல் நீளத்தில் பட்டை.
நல்லமிளகை அம்மியில் ஒரே தட்டு,
பொடியக் கூடாது, வாய் பிளந்தால் போதும்.
பழம் கண்ணாடியாகும்வரை கொதிக்கட்டும்.

இதெல்லாம் யார் சொல்லித் தந்தது என்றார்.
யாருமில்லை.
சளிக்குக் கஷாயம் வைக்கிற எவளுக்கும்
இதில் முக்கால் பாகம் தெரியும்.
வீடு முழுக்க
பல் டாக்டர் அறையும் கிறிஸ்துமஸ் கேக்கும் கலந்த மணம்.

ஆறியதும் துவர்த்தில் வடிகட்டினேன்.
புதுத் துவர்த்துதான்.
எலுமிச்சை அரை மூடி.
மத்தியானமே கரண்ட் போனதால்
ஐஸ் பாதி தண்ணீர். பாதியாவது கிடைத்ததே.
விஸ்கிக்கு அளவு இருமல் மருந்தின் மூடி,
ஆளுக்கு நாலு.
இவர் ஐந்தாவதற்கு மூடியைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன். ஐந்து.

முதலில் கருப்பட்டி வந்தது.
பிறகு பழத்தின் புளிப்பு.
அப்புறம் செருப்பைக் கழற்றாமல்
அடுக்களை வரை வந்துவிட்ட ஆள் மாதிரி
விஸ்கி.
எல்லாரும் போன பிறகும்
தொண்டையில் உட்கார்ந்திருந்தது மிளகு.

வேலிக்கு அப்பால் ஓர் இருமல்.
தாசையன் வீட்டிலும் கரண்ட் இல்லை.
மணத்துக்கு எந்தப் பக்கம் எல்லைக்கல்?

"பழம் அவனுக்கதா இருந்தா?"
"அப்ப அவனுக்க பங்கு."
"நமக்கதா இருந்தா?"
"அப்ப நாம குடுத்தது."

ஸ்டீல் டம்ளரைச் சாசரால் மூடி
குடையில்லாமல் இறங்கிப் போனார்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மழைக்குள் வெகுநேரம் நின்றார்.
இரண்டரை சென்ட்டின் நடு எது என்று
எந்த ஆபீசும் இதுவரை சொன்னதில்லை.
கடைசியில் பழம் அரிந்த செடியின் பக்கம்
குனிந்து வைத்துவிட்டு வந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து அங்கே ஒரு டார்ச் எரிந்தது.
நின்றது. அணைந்தது.
நாங்கள் பேசவில்லை.

காலையில் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது,
விளிம்புவரை மழைத்தண்ணீர்,
அடியில் ஒரு கிராம்பு.
குடித்தானா, மழை குடித்ததா,
சாசரை மட்டும் காணோம்.

திங்கட்கிழமை புது சர்வேயருக்கு மனு போயிற்று,
இரண்டு வீட்டிலிருந்தும், தனித்தனியாக.
மிச்ச விஸ்கியை மறுபடி அரிசிக்குள் வைத்தேன்,
இந்த முறை கொஞ்சம் மேலாக.